சாமிக்கு முடிந்த நகையும் வரியில்லாத பாட்டிலும்

விமானத்திலிருந்து இறங்கியவர்கள் பெட்டிக்காகக் காத்து நிற்கும் கூடத்தில், கல்யாண மண்டபம் மாதிரி விளக்குப் போட்டு ஒரு கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார்களே, அங்கே விற்கிற சீமைச் சரக்குக்கு மட்டும் அரசாங்கம் ஏன் வரி வாங்குவதில்லை என்று நீங்கள் என்றைக்காவது கேட்டதுண்டா? கேட்டிருக்க மாட்டீர்கள். பிள்ளைக்கு வாங்குகிற இருமல் மருந்துக்கு வரி கட்டுகிறோம். காலில் போடுகிற ரப்பர் செருப்புக்கு வரி கட்டுகிறோம். அங்கே மட்டும் கிடையாது. கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. அந்நியச் செலாவணி வரும், விமான நிலையத்துக்கு வாடகை வரும், விமானத் தொழில் வளரும், நாடு முன்னேறும் என்பார்கள். நாடு என்றால் யார் யார் என்பது மட்டும் அந்தப் பதிலில் இருக்காது.

அடி அண்ணாமலை கிராமத்துப் பாஞ்சாலையும் அந்தக் கேள்வியைக் கேட்டவள் இல்லை. அப்படி ஒரு கடை இருப்பதே, குவைத்திலிருந்து ஊர் திரும்பிய 2002-ஆம் வருஷத்தில்தான் அவளுக்குத் தெரியும். தெரிந்த அன்றைக்கே அவள் வாழ்க்கை அந்தக் கூடத்தில் நின்றுபோனது.

திருவண்ணாமலை தனி மாவட்டமான 1989-இல் பாஞ்சாலை ராஜேந்திரனின் லாட்ஜில் பெருக்கித் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். கலெக்டர் ஆபீஸ் வந்தது, வக்கீல்கள் வந்தார்கள், பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்ற வருகிற கூட்டம் பெருகியது. லாட்ஜும் மாடிக்கு மேல் மாடியாக ஏறியது. பாஞ்சாலையின் கூலி மட்டும் தரைத்தளத்திலேயே இருந்தது. ராஜேந்திரன் கெட்டவர் என்று ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். நெற்றி நிறைய விபூதி, கேட்டவர்களுக்கெல்லாம் கோயில் காரியத்துக்கு நன்கொடை. லாட்ஜின் முன்கட்டை "அன்னதானக் கூடம்" என்று எழுதி வைத்து அதற்கு வீட்டுவரி கட்டாமல் இருந்தார். மாதத்தில் ஒருநாள் அங்கே பொங்கல் கொடுப்பார்கள். மிச்ச நாளெல்லாம் அங்கே கட்டில் போட்டு ஆள் படுத்திருப்பான். நகராட்சிக்காரர்களும் தெரிந்துதான் விட்டிருந்தார்கள். சாமி பேரில் இருப்பதைத் தொட அந்த ஊரில் யாருக்கும் கை வராது.

பாஞ்சாலையின் புருஷன் வேடியப்பன் வாடகை ஆட்டோ ஓட்டினான். பகலெல்லாம் ஓடி, பெட்ரோலுக்கும் ஆட்டோ சொந்தக்காரனுக்கும் போக மிஞ்சுவது அரிசிக்குச் சரியாக இருக்கும். மகள் தென்றல் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம், ஏஜென்ட் ஒருவன் வந்து குவைத்தில் வீட்டு வேலை என்றான். பாஞ்சாலை தங்கை சரசுவிடம் பிள்ளையை விட்டுவிட்டுப் போனாள்.

அந்த வருஷங்களைப் பற்றி அவள் அதிகம் பேசுவதில்லை. அந்த வீட்டில் அவளுக்கும் கூட வேலை செய்த பெண்களுக்கும் சேர்த்துச் சமையலறைக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத ஒரு அறை. வீட்டுக்காரம்மா அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. கடைசி இரண்டு வருஷத்துச் சம்பளத்தை மட்டும் தரவில்லை. "போகும்போது மொத்தமா வாங்கிக்கோ" என்றாள். போகும்போது பணமாகக் கேட்டால் இழுத்தடிப்பாள் என்று பாஞ்சாலைக்குத் தெரியும். தங்கமாகவே கேட்டாள். வீட்டுக்காரம்மா கடைக்கு அழைத்துப்போய் ஒரு சங்கிலியும் நான்கு வளையலும் வாங்கிக் கொடுத்துக் கணக்கை முடித்தாள். வளைகுடாவில் வேலை செய்கிற பெண்களுக்கு அதுதான் வங்கி. கழுத்திலும் கையிலும் கிடக்கும், கையெழுத்துக் கேட்காது.

அந்தத் தங்கத்தை என்ன செய்வது என்று அவள் எப்போதோ முடிவு செய்துவிட்டாள். கிரிவலப் பாதையில், ஊருக்குள் திரும்புகிற முனையில், மண்ணாங்கட்டி என்பவருக்குச் சொந்தமான ஒற்றை அறைக் கடை ஒன்று விலைக்கு வந்தது. "பாஞ்சாலை வந்து சேர்றவரைக்கும் வேற ஆளுக்குக் குடுக்க மாட்டேன்" என்று அவர் வேடியப்பனிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அதில் இட்லிக் கடை போடுவதாக எண்ணம். பௌர்ணமிக்குக் கூட்டம், மற்ற நாளில் ஊர்க்காரர்கள். அது கைக்கு வந்தால் அவள் ஊரிலேயே இருக்கலாம், தென்றலுக்குத் தானே தலை பின்னிவிடலாம். வராவிட்டால் மறுபடி குவைத். அவளுக்கு இருந்தது இந்த இரண்டு வழிதான்.

கிளம்புவதற்கு முன்னால் அவள் ஒரு காரியம் செய்தாள். அவள் பிறந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வேண்டுதல் வைத்தால், காணிக்கைப் பொருளை மஞ்சள் துணியில் ஒரு காசோடு சேர்த்து முடிவார்கள். முடிந்த பிறகு சாமியிடம் சேர்க்கும்வரை அதை யாரும் போட்டுக்கொள்ளக் கூடாது, "என்னுடையது" என்று வாயால் சொல்லவும் கூடாது. சொன்னால் வேண்டுதல் பலிக்காது. பாஞ்சாலை வேண்டிக்கொண்டது, நல்லபடியாக வீடு சேர்ந்தால் ஒரு வளையலை அண்ணாமலையாருக்குப் போடுவதாக. ஆனால் அறையில் கூட இருந்த பெண்கள் வழியில் நகை களவு போன கதைகளை ஏராளமாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் எல்லா நகையையும் ஒரே முடிச்சில் முடிந்தாள். சாமி பொருளென்றால் திருடன்கூடத் தொட மாட்டான் என்பது அவள் கணக்கு. வெள்ளைத் துணி ஒன்றைச் சமையல் மஞ்சளில் நனைத்துக் காயவைத்து, முடிந்து, இடுப்புக்குள் செருகிக்கொண்டாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ராப்பகலாகப் பாத்திரம் தேய்த்துச் சம்பாதித்த கூலியை "என்னுடையது" என்று சொல்லக் கூடாதென்று ஒரு பெண்ணுக்கு யார் கற்றுக்கொடுத்தது? பிறந்த நாளிலிருந்து எல்லாரும் சேர்ந்துதான் கற்றுக்கொடுத்தார்கள்.

விமானம் துபாயில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டது. ஏறியவர்களில் ராஜேந்திரன் ஒருவர். ஏதோ ஹோட்டல் கண்காட்சி பார்த்துவிட்டுத் திரும்புகிறார். நெற்றியில் விபூதி, கையில் புதுத் தோல்பை. பாஞ்சாலையை அவர்தான் முதலில் அடையாளம் கண்டார்.

"இன்னாம்மா பாஞ்சாலை! நீ எங்க இந்த ஏரோப்ளேன்ல?"

"வந்துட்டேங்க மொதலாளி. இனிமே போறதா இல்ல."

"நல்லது, நல்லது. நம்ம லாட்ஜ்ல ஆளு கம்மியாத்தான் கீது. வந்துடு."

"இல்லீங்க, கடை ஒண்ணு வாங்கறோம்."

"ஓ! மொதலாளி ஆயிட்டியா நீ!" என்று சிரித்தார். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. தாராளமாக வந்து உட்கார்ந்தார். இறங்கும்போது கொடுக்க வேண்டிய சீட்டைப் பணிப்பெண் கொடுத்துவிட்டுப் போனாள். முழுக்க ஆங்கிலம், அதன் கீழே இந்தி. பாஞ்சாலை தமிழ் படிப்பாள். அது அங்கே செல்லாது.

"குடு, நான் எழுதறேன். பாஸ்போர்ட்டக் காட்டு." பேனாவைத் திறந்து வேகமாக எழுதினார். நடுவில் நிமிர்ந்து, "தங்கம், நகை ஏதாச்சும் கீதா?" என்றார்.

பாஞ்சாலைக்குக் கை இடுப்புக்குப் போனது. "எனக்குன்னு ஒண்ணும் இல்லீங்க. சாமிக்கு முடிஞ்சது கொஞ்சம் கீது."

"சாமிக்கா?"

"அண்ணாமலையாருக்குங்க."

"அப்புறம் இன்னா, சாமிக்கு எவன் வரி போடுவான்?" என்று சொல்லிவிட்டு, அந்தக் கட்டத்தில் "இல்லை" என்பதற்கான குறியைப் போட்டார். அவர் ஏமாற்றவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாமி பேரில் எழுதினால் வரி வராது என்பதுதான் அவர் வாழ்நாள் அனுபவம். அன்னதானக் கூடத்துக்குச் செல்லுபடியான சூத்திரம் ஆகாயத்திலும் செல்லும் என்று அவர் நம்பினார். அவளும் நம்பினாள். அந்தச் சூத்திரத்துக்கு ஊர் எல்லை உண்டென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

இறங்கியதும் ராஜேந்திரன் அவளைக் கண்ணாடிக் கடைப் பக்கம் கூட்டிப்போனார்.

"ஒரு ஆளுக்கு இவ்ளோதான்னு கணக்கு வச்சிருக்கான் பாரு. நான் எனக்கு உள்ளத எடுத்துக்கிட்டேன். நீதான் ஒண்ணும் வாங்கப் போறதில்லையே? உன் பாஸ்போர்ட்டக் குடு, உன் பேர்ல ஒரு பாட்டில் எடுத்துக்கறேன். வெளியில போய்க் குடுத்துடு, போதும்."

"ஐயையோ, சாராயமாங்க? என் பேர்லயா?"

"சர்க்காரே குடுக்கற சலுகைம்மா. வேணாம்னு விட்டா வேஸ்ட்டு."

முதலாளி கேட்டு மறுத்துப் பழக்கமில்லை. சீட்டு வேறு எழுதிக் கொடுத்திருக்கிறார். பாட்டிலைப் பையில் போட்டு வாயை ஒட்டி அவள் கையில் கொடுத்தார்கள். குடிக்காதவளின் சலுகையைக் குடிக்கிறவன் எடுத்துக்கொண்டான். சலுகை என்ற சொல்லுக்கு இந்த நாட்டில் அதைவிட நேர்மையான விளக்கம் கிடையாது.

வரி கட்ட ஒன்றுமில்லாதவர்கள் போகிற பச்சை வழியில் ராஜேந்திரன் முன்னால் போய்விட்டார். பின்னால் போன பாஞ்சாலையைச் சுங்கத்துறைப் பெண் அதிகாரி ஒருத்தி நிறுத்தினாள். முதலில் பையைத்தான் பார்த்தாள். பாட்டிலை எடுத்து, ரசீதைப் பார்த்து, "இது சரியா இருக்கு" என்று பத்திரமாகத் திரும்ப வைத்தாள். பிறகு தடவிப் பார்த்தபோது இடுப்பில் கை நின்றது.

"என்னம்மா இது?"

"சாமிக்கு முடிஞ்சதுங்க."

"அவிழு."

"அவுக்கக் கூடாதுங்க. கோயில்லதான்..."

அவிழ்த்தார்கள். சங்கிலி, நான்கு வளையல், ஒரு காசு. மேசையில் பரப்பி எடை போட்டார்கள். "யாரோடது?" என்று கேட்டார் மேலதிகாரி.

அந்தக் கேள்விக்கு "என்னுடையது, என் சம்பளம்" என்று சொல்லியிருந்தால் கதை வேறு. பாஞ்சாலை தலையைக் குனிந்துகொண்டு, "என்னுது இல்லீங்க" என்றாள்.

தன்னுடையது இல்லை என்றால் வேறு யாருக்கோ கடத்திக்கொண்டு வருகிறாள் என்று சட்டம் புரிந்துகொள்ளும். சட்டம் மலை சுற்றியதில்லை. சீட்டில் "இல்லை" என்ற குறி, இடுப்பில் மறைத்த தங்கம், தன்னுடையதில்லை என்ற வாக்குமூலம். மேலதிகாரி மோசமானவர் இல்லை. அவளை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். "வருஷக் கணக்கா வெளியில இருந்துட்டு வர்றீங்க. பொம்பளைங்களுக்கு நகையில சலுகை இருக்கும்மா. சிவப்பு வழியில வந்து சொல்லியிருந்தா, அதுபோக மிச்சத்துக்குத்தான் வரி. இப்படி மறைச்சுட்டீங்களே" என்றார். ரசீது எழுதிக் கொடுத்தார். விசாரணைக்கு வரச்சொன்னார். தங்கம் உள்ளே போனது.

அந்தச் சலுகையை அவளுக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்? பாட்டிலுக்கு உள்ள சலுகை கடை வாசலில் ஆள் உயர எழுத்தில் மின்னுகிறது. நகைக்கு உள்ள சலுகை, மாட்டிக்கொண்ட பிறகு அதிகாரியின் வாயிலிருந்து வருகிறது.

வெளியே கம்பித் தடுப்புக்கு அப்பால் ராஜேந்திரன் காருக்கு அவசரப்பட்டுக்கொண்டு நின்றார். வேடியப்பனும் தென்றலும் இன்னொரு பக்கம். பாஞ்சாலை அழுதுகொண்டே வருவதைப் பார்த்ததும் ராஜேந்திரன், "இன்னாம்மா ஆச்சு? எல்லாம் சரியாப் போயிடும், கவலப்படாத" என்று சொல்லிப் பையைக் கையில் வாங்கிக்கொண்டு போனார். தென்றலுக்கு அம்மாவை அடையாளம் தெரிந்தது. கட்டிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது போல. அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்து வந்த வாரங்களில் ஊருக்குத் தெரியாமல் எதுவும் மிஞ்சவில்லை. பக்கத்து வீட்டுச் சந்திரம்மாள் குழாயடியில் வைத்தே சொன்னாள்.

"ஒத்த வளையலுக்கு வேண்டிக்கிட்டு மொத்தத்தையும் முடிஞ்சா சாமி சும்மா வுடுமா? முடிஞ்சதெல்லாம் அவருதுதான். எடுத்துக்கிட்டாரு."

பாஞ்சாலை குடத்தை இறக்கி வைத்தாள். "அக்கா, எடுத்துக்கிட்டது சாமி இல்ல. தொப்பி போட்ட ஆளு. ரசீது குடுத்தாரு. சாமி எப்பக்கா ரசீது குடுத்திருக்கு?"

அந்தப் பேச்சுக்காக ஊர் அவளிடம் முகம் சுளித்தது. அவள் வாழ்க்கையில் பேசிய முதல் அறிவுள்ள பேச்சு அதுதான்.

விசாரணைக்கு வழி கேட்க, திருவண்ணாமலை கோர்ட்டில் வேலை பார்க்கும் வக்கீல் குமாஸ்தா தருமனிடம் போனார்கள். அவன் யோசித்துவிட்டு ஒன்று சொன்னான். "நீங்க மறைக்கணும்னு மறைக்கலன்னு காட்டணும். சீட்டு எழுதினவருகிட்ட நீங்க நகையப் பத்திச் சொன்னீங்க இல்ல? அவரு வந்து அத ஒரு வார்த்த சொன்னா அபராதம் குறையும். சலுகையும் கேட்டுப் பாக்கலாம். மண்ணாங்கட்டி கடைக்கு ஆகற அளவாவது மீளும்."

ஆக, எல்லாம் ராஜேந்திரனின் ஒரு வார்த்தையில் வந்து நின்றது.

அவர் லாட்ஜில் இல்லை. வணிகர்கள் கூட்டத்தில் பேசப் போயிருக்கிறார் என்றார்கள். வேடியப்பன் ஆட்டோவிலேயே அவளைக் கூட்டிப்போனான். மண்டபத்தில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. இருவரும் கடைசியில், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

"வெளிநாட்டு பக்தர்கள் நம்ம ஊருக்கு ஆயிரக்கணக்கில் வருகிறார்கள்" என்று ராஜேந்திரன் பேசினார். "நமக்குப் பக்கத்திலேயே ஒரு விமான நிலையம் வேண்டாமா? விமான எரிபொருளுக்கு வரியைக் குறைக்க வேண்டும். விமான நிலையக் கடைகளுக்கு இன்னும் தாராளமாக வரிவிலக்குத் தர வேண்டும். இதையெல்லாம் கேட்டு மத்திய அரசுக்கு மனு அனுப்பத் தீர்மானம் கொண்டுவருகிறேன்." கைதட்டல் கூரையைத் தொட்டது.

வேடியப்பன் பாஞ்சாலையின் காதருகே குனிந்தான். "என் ஆட்டோவுக்கும் ரெண்டு றெக்க கட்டிட்டா பெட்ரோலு கம்மிக்குக் குடுப்பானுங்களா, கேளு."

அந்தச் சூழ்நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

கூட்டம் முடிந்து இறங்கி வந்தவரை வழிமறித்தார்கள். பாஞ்சாலை தருமன் சொன்னதை ஒப்பித்தாள். ராஜேந்திரன் நாலு பக்கமும் பார்த்தார்.

"நான் வந்து இன்னா சொல்றது?"

"நான் சாமிக்கு முடிஞ்சது கீதுன்னு சொன்னேன் இல்லீங்களா. அத மட்டும் சொன்னாப் போதும்."

"சொன்னியா? எனக்கு ஞாபகம் இல்லியேம்மா."

"சாமிக்கு எவன் வரி போடுவான்னு நீங்கதானே கேட்டீங்க மொதலாளி?"

அவர் குரலைத் தணித்தார். "தபாரு. நான் வந்தா, சீட்ட ஏன் தப்பா எழுதினன்னு என்னையும் புடிப்பான். அப்புறம் அந்தப் பாட்டில் கதை வேற வரும். நாளைக்கு இந்த மனுவோட டில்லிக்குப் போற ஆளு நான். சாமி காரியம்மா இது. சாமி காரியத்துல நான் பொய்யும் சொல்ல மாட்டேன், மெய்யும் சொல்ல மாட்டேன். விதின்னு வுடு. கோயில்ல உன் பேருக்கு ஒரு அர்ச்சன பண்ணச் சொல்றேன்."

"அர்ச்சன நீங்க பண்ணிக்கோங்க" என்றான் வேடியப்பன். "எங்களுக்காவ சாட்சி சொல்ல வாயில்லாதவனுக்கு மைக்கு ஒரு கேடா?"

யாரோ இருவர் அவனைத் தோளில் கைவைத்துத் தள்ளினார்கள். பாஞ்சாலை புருஷனை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

விசாரணைக்கு அவள் சாட்சி இல்லாமல்தான் போனாள். இந்த முறை சரியாகவே சொன்னாள். "அது என்னுது. என் சம்பளம். வீட்டு வேல செஞ்சு வாங்கினது." விசாரித்த அதிகாரி காகிதத்தைப் புரட்டினார். முதல் நாள் வாக்குமூலத்தில் அவளுடையதில்லை என்று இருக்கிறதே என்றார். சாமிக்கு முடிந்ததாக அன்றைக்குச் சொன்னேன் என்றாள். "அப்போ அந்தச் சாமிய வந்து கையெழுத்துப் போடச் சொல்லும்மா" என்று அவர் சொன்னதும் அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சாமி வரவில்லை. சாமிக்காகக் கூடம் கட்டியவரும் வரவில்லை.

உத்தரவு ஆங்கிலத்தில் வந்தது. வரியும் அபராதமும் கட்டினால் நகையை மீட்டுக்கொள்ளலாம், கெடு தாண்டினால் அரசாங்கத்துக்குச் சொந்தம் என்று தருமன் படித்துச் சொன்னான். கட்டுவதற்கு இருந்த ஒரே சொத்து அந்த நகைதான். கடன் கேட்ட இடமெல்லாம் நகை வைக்கச் சொன்னார்கள். கெடு தாண்டியது. மண்ணாங்கட்டி இரண்டு பௌர்ணமிவரை பொறுத்தார். அதற்குமேல் அவருக்கும் முடியவில்லை. கடை கைமாறியது.

ராஜேந்திரனின் மனு டில்லிக்குப் போய்ச் சேர்ந்தது. பத்திரிகையில் போட்டோ வந்தது. இவரைப் போல எத்தனையோ ஊர்களிலிருந்து எத்தனையோ மனுக்கள் அங்கே போகின்றன. கடைக்காரர்கள் கேட்கிறார்கள், கம்பெனிகள் கேட்கின்றன. கேட்கிறவர்களுக்கு ஏதாவது கிடைக்கிறது. வீட்டு வேலைக்காரிகளுக்குச் சங்கமும் இல்லை, மண்டபமும் இல்லை, மைக்கும் இல்லை.

ஏஜென்ட் மறுபடி வந்தான். பாஞ்சாலை மறுபடி கையெழுத்துப் போட்டாள். கிளம்புகிற அன்று காலையில் தென்றல் பள்ளிக்கூடம் போகச் சீருடையோடு நின்றாள்.

"இந்தத் தரம் எவ்ளோ வருஷம்?" என்று கேட்டாள்.

"ரெண்டுதான்டி."

"போன தரமும் அப்படித்தான் சொன்னீங்களாம். சித்தி சொல்லுச்சு."

மகள் தன்னை "நீங்க" என்கிறாள், தங்கையைச் "சித்தி" என்று வாய் நிறையச் சொல்கிறாள் என்பது பாஞ்சாலைக்கு அப்போதுதான் உறைத்தது. சடையைப் பின்னிவிடலாம் என்று கையை நீட்டினாள். ஏற்கெனவே பின்னியிருந்தது. சரசு விடியலிலேயே பின்னிவிட்டிருந்தாள். தென்றல் பையை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள். வேடியப்பன் ஆட்டோவைக் கிளப்பினான். பாஞ்சாலையைப் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் இறக்கினான்.

பாஞ்சாலையைப் பார்த்துப் பரிதாபப்பட்டு இந்தப் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். உங்கள் பரிதாபம் அவளுக்கு ஒரு கடையைக் கொடுக்காது. ஓர் அஞ்சலட்டை எடுங்கள். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். வெளிநாட்டில் வீட்டு வேலை செய்து திரும்புகிற பெண், தன் கூலியாக வாங்கிய தங்கத்தைக் கொண்டுவர என்ன விதி என்பதைத் தமிழில் அச்சடித்து, அவள் ஊரைவிட்டுக் கிளம்பும்போதே கையில் கொடுக்கச் சொல்லுங்கள். தெரியாமல் செய்த முதல் தவறுக்கு மொத்த உழைப்பையும் பறிக்கிற விதியை மாற்றச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் மறுபடி எழுதுங்கள். ஓட்டுக் கேட்டு வரும்போது வாசலில் நிறுத்தி வைத்துக் கேளுங்கள். உங்கள் தெருவில் குவைத்துக்கோ துபாய்க்கோ கிளம்புகிற பெண் ஒருத்தி கட்டாயம் இருப்பாள். அவள் வண்டி ஏறுவதற்குமுன் இன்றைக்கே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். "உன் உழைப்பு உன்னுடையது. எவன் கேட்டாலும் அதை வாய்விட்டுச் சொல்" என்று அவளிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.